பருப்புக்கு ரேஷன்!

மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஊர் எங்கள் கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே. இங்கே டீக்கடைக்கு நாலு டாக்டர்கள் உண்டு. படிப்புதான் கிடையாது!

அப்பாவுக்கு கிரியேட்டினின் கூடி, 'கிட்னி மூணாவது கட்டம்' என்று ரிப்போர்ட் வந்ததும் அவர்கள் கூடிவிட்டார்கள். "பருப்பைத் தொடாதே", "முட்டை விஷம்", "பால்கூட வேணாம்யா!" அப்பா அப்படியே கேட்டார். முப்பது வருஷத்தில் அம்மா பேச்சைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை. மூன்று மாதம் வெறும் ரசம் சாதம். 60 கிலோ மனுஷர் 54 ஆனார். மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது.

நிஜ டாக்டர் கடிந்துகொண்டார். "புரோட்டீனைக் குறைக்கத்தான் சொன்னேன். பட்டினி கிடக்கச் சொன்னேனா? சாப்பாடு பத்தலேன்னா உடம்பு தன் தசையையே கரைச்சுத் தின்னும். அந்தக் கழிவும் அதே கிட்னிக்குத்தானே போகும்?"

டயாலிஸிஸ் வரை போகாதவர்களுக்கு, எடையில் கிலோவுக்கு தினம் 0.8 கிராம் புரதம் என்கிறது 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டி. 60 கிலோவுக்கு 48 கிராம். 0.6 வரை குறைப்பதெல்லாம் டாக்டரும் டயட்டீஷியனும் கூடவே இருந்து செய்கிற வேலை. டயாலிஸிஸ் ஆரம்பித்துவிட்டால் கணக்கு தலைகீழ். 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். சுத்திகரிப்பில் புரதமும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறதே!

அம்மா ஒரு நோட்டுப் போட்டாள். முட்டை ஒன்று 6 கிராம், பால் ஒரு டம்ளர் 6, துவரம்பருப்பு 30 கிராமுக்கு 6, இட்லி ஒன்றுக்கு 2, அரிசி 100 கிராமுக்கு 7.

"சோத்துலயுமாடா இருக்கு?" அப்பா அதிர்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை 100 கிராம் ஆட்டுக்கறி என்றால் 20 கிராம் போச்சு. அன்றைக்கு முட்டைக்கும் பருப்புக்கும் லீவு. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாயும் கருவாடும் ரிடையர்டு!

ஆறு மாதத்தில் எடை 58. கிரியேட்டினின் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. "ஏறாததே வெற்றி" என்றார் டாக்டர்.

ஆபீஸ் நண்பர்களே, ஜிம்மில் டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் வாங்கும்போது கணக்குப் பார்க்கிறீர்கள். வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள அப்பா அம்மாவுக்கு வருஷம் ஒரு தடவை ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பாருங்கள். கிட்னி வலித்துச் சொல்லாது. நாமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு!