ஓசையின் வலிமை

ஓசைக்கு உருவமில்லை, எடையுமில்லை. ஆயினும், அது உறுதியான உலோகத் தகட்டையும் பிளக்க வல்லது. ஜெட் விமானங்கள் பெருகிய 1950-ஆம் ஆண்டுகளில் இவ்வுண்மை பொறியியலறிஞர்க்கு நன்கு புலனாயிற்று. எஞ்சினை அடுத்திருந்த மெல்லிய தகடுகளில், தறையாணி வரிசையை ஒட்டி, மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. அவற்றிற்குக் காரணம் எஞ்சினின் பேரொலியே.

ஒலியென்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகும். இருவர் உரையாடும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபெல் அளவினது. 140 டெசிபெல் ஒலியிலோ அழுத்த வீச்சு அதனினும் 10,000 மடங்கு மிகும். அவ்வலை தாக்குங்கால் தகடு முரசின் தோல்போல் அதிர்கிறது. கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிந்துவிடும். அங்ஙனமே, நொடிக்கு 200 முறை அதிரும் தகடு ஒரு மணி நேரத்தில் 7,20,000 முறை வளைந்து நிமிர்கிறது. இவ்வாறு உலோகம் தளர்வதை ஒலிச்சோர்வு என்பர்.

தகடு தாங்குமா என்பதைப் பறந்து பார்த்து அறிதல் அறிவுடைமையாகாது. பயணிகளின் உயிர் விலைமதிப்பற்றது. எனவே, அப்பேரொலியைத் தரையிலேயே படைக்க முற்பட்டனர். தொடக்கத்தில் ஆலைச் சங்கு போன்ற சைரன்கள் பயன்பட்டன. துளைகளையுடைய வட்டத்தட்டுச் சுழன்று, அழுத்திய காற்றை விட்டு விட்டுச் செலுத்த, ஓசை பிறக்கும். ஆனால் அவ்வோசை பெரும்பாலும் ஒரே சுருதியுடையது. ஜெட் எஞ்சினின் இரைச்சலோ பல அதிர்வெண்கள் ஒழுங்கின்றிக் கலந்தது. ஆகவே, மின்குறிப்புக்கேற்பக் காற்றின் வழியைத் திறந்தும் மூடியும் அத்தகைய இரைச்சலை எழுப்பும் கருவிகள் பின்னர் வந்தன.

சோதனை முறைகள் இரண்டு. தகட்டை ஒரு நீண்ட குழாயின் பக்கச் சுவராகப் பொருத்தி, அதனை உராய்ந்து செல்லுமாறு ஒலியலையைச் செலுத்துவது ஒன்று. பெரிய உறுப்பைத் தடித்த கான்கிரீட்டுச் சுவர்கள் சூழ்ந்த எதிரொலிக் கூடத்தில் நிறுத்தி, எத்திசையிலிருந்தும் ஒலி தாக்கச் செய்வது மற்றொன்று. கதவடைத்த பின் கூடத்தினுள் மனிதர் எவரும் இரார். தகட்டின்மேல் ஒட்டிய திரிபுமானிகள் அதன் நெளிவை வெளியறையில் உள்ளோர்க்கு உணர்த்தும். விமானம் தரையினின்று எழும்போது சிறிது நேரமே நேரும் கொடிய இரைச்சல், இங்கே பல மணி நேரம் இடைவிடாது ஒலிக்கிறது. அதனால் பல்லாண்டுகளின் சோர்வைச் சில நாட்களிற் கண்டறியலாம்.

1963-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஒலி அதிர்வு ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவிய பேராசிரியர் எல்ஃபின் ரிச்சர்ட்ஸ் இத்துறையை வளர்த்தவர்களுள் ஒருவர்.

கூடத்தில் ஒரு தகடு வெடித்தால் அறிஞர் வருந்துவதில்லை. வெடித்த இடத்தை ஆராய்ந்து, தகட்டைத் தடிப்பாக்குவர். தாங்கு சட்டங்களை நெருக்கி அமைப்பர். அதிர்வைத் தணிக்கும் பூச்சு இடுவர். பின்னர் மீண்டும் சோதிப்பர். தரையில் உடைந்த அந்தத் தகடே வானிற் செல்வோரைக் காக்கிறது.