பாக்குவெட்டியும் ஜீப்பும்

சமையல் குறிப்பும் குழந்தை வளர்ப்பும் படிக்கிற இடத்தில் இவள் எதற்கு ஜீப் கதையைக் கொண்டு வருகிறாள் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள் சகோதரிகளே. இதில் ஒரு பிரசவமும் இருக்கிறது, நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது.

எங்கள் வீடு தருமபுரி மாவட்டத்தில், வத்தல்மலை அடிவாரத்தில். என் வீட்டுக்காரர் மலையில் விளையும் சாமை, ராகி, பலாப்பழம், காப்பிக்கொட்டை எல்லாம் வாங்கி டவுனில் விற்கிறவர். அதற்காகவே ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறோம். மலைக்கு இப்போது தார் ரோடு உண்டு. ஆனால் அதிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்கும் நாலைந்து வீடுகளுக்கும் போகிற பாதைகள் இன்றைக்கும் மண் பாதைதான். மழை பெய்தால் களிமண் வழுக்கும். அங்கே போக நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதம். அடைமழை. இரவு எட்டு மணி இருக்கும். மலையிலிருந்து போன். எங்களுக்கு வருஷா வருஷம் சாமை கொடுக்கிற அக்காவின் குரல். "அம்மா, பொண்ணுக்கு வலி வந்திடுச்சு. நாள் இன்னும் பத்து இருக்குன்னு இருந்தோம். நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டோம், அவங்க தார் ரோடு வரைக்கும்தான் வர முடியுமாம். அய்யாவை ஜீப்பு எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றாள்.

பொம்பளைத் துணை வேண்டுமே என்று நானும் கிளம்பினேன். அத்தை ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் இரண்டு பழைய பருத்திப் புடவையும் கையில் திணித்தார்.

தார் ரோட்டிலிருந்து அவர்கள் வீடு கீழே, பள்ளத்தில். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பெண்ணைப் பின்னால் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பி ஏறும்போதுதான் வினை. பாதி மேட்டில் பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. இவர் வண்டியை நிறுத்தி, ஃபோர் வீல் கம்பியை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலை முட்டுக் கொடுத்து இழுத்தார். கம்பி கல்லாட்டம் நின்றது.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"ரெண்டு மாசமாவே இறுக்கமாத்தான் இருந்துச்சு. வெயில் காலத்துல தேவைப்படலைன்னு விட்டுட்டேன்" என்றார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

அந்தப் பெண் என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேறு வழியில்லை. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளி மாதிரி செய்து, நாலு ஆம்பளைகள் தோளில் தூக்கினார்கள். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு இடத்தில் முன்னால் போனவர் சறுக்கி முழங்கால் ஊன்றினார். ஒவ்வொரு தடவையும் எனக்கு அடிவயிறு கலங்கியது. தார் ரோடு சேர முக்கால் மணி நேரம். அங்கே நூற்றியெட்டு வண்டி விளக்கைப் பார்த்ததும் அந்த அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

தெய்வச் செயல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விடிகாலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒரு கம்பி அசையாததற்காக ஒரு பிள்ளைத்தாச்சியை மழையில் தூளியில் தூக்கினோமே!

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கே வரவழைத்தோம். சாமான் எடுத்துக் கொடுக்க நான் நின்றேன்.

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சாதாரண வண்டியில் எஞ்சின் பலம் கியர் பெட்டி வழியாக இரண்டு சக்கரத்துக்குத்தான் போகும். ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. அது பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கு போடும். எங்கள் வண்டியில் அதற்கு இரண்டு கம்பி. ஒன்று முன் சக்கரங்களைச் சேர்க்க, இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட. முன் சக்கரத்தைச் சேர்த்த பிறகுதான் இழுவைக் கம்பி விழும். 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பிலேயே இந்த ஏற்பாடு உண்டாம். அந்த ஜீப்பைத்தான் 1940-களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் பூட்ட ஆரம்பித்தது.

"பெட்டிக்குள்ள கோளாறா, வெளியில கோளாறான்னு முதல்ல பார்க்கணும். பெட்டியைப் பிரிச்சா செலவு ஜாஸ்தி" என்றார் அண்ணன்.

இரண்டு கம்பியும் ஒரே குறுக்கு ஆணியில்தான் கோத்திருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று அத்தையின் பாக்குவெட்டி ஞாபகம் வந்தது. அதிலும் இரண்டு கை, ஒரு ஆணி. மழைக்காலத்தில் அது இறுகிப்போனால் அத்தை ஆணியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார். சொன்னேன். அண்ணன் சிரித்துவிட்டு, "அதேதாம்மா" என்றார்.

அந்த ஆணியைச் சுற்றி ஈரமாக, கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. அண்ணன் கொறடால் இழுத்தார். பழைய துணி. என் பாவாடைத் துணி!

கம்பிகள் தரையிலிருந்து மேலே வரும் இடத்தில் ரப்பர் உறை கிழிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகப் புழுதியும் அனலும் காலில் அடிக்கிறதே என்று, கோடையில் நான்தான் துணியைச் சுருட்டி அடைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. மழை வந்ததும் அது சேற்றுத் தண்ணீரைக் குடித்து, ஆணியை நாள் முழுக்க ஈரத்திலேயே வைத்திருந்தது. ஆணி துரு ஏறி, கம்பிகளோடு ஒட்டிக்கொண்டது. கிரீஸ் போடும் நிப்பிளும் மண் அடைத்துக் கிடந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. இவரும் பேசவில்லை. "கிரீஸ் அடிக்காதது என் தப்பு, துணி உன் தப்பு, சரியாப் போச்சு" என்று மட்டும் பிறகு சொன்னார்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் வேலை தொடங்கினார்கள். ஆணியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விட்டார்கள். (அடுப்பும் பிள்ளைகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.) மறுநாள் ஆணியைத் தட்டிக் கழற்றி, கம்பிகளைத் தூக்கி எடுத்தார்கள். பெட்டியிலிருந்து நீட்டியிருந்த தண்டுகளை நெம்பிப் பார்த்தால் அவை சுலபமாக முன்னும் பின்னும் நகர்ந்தன. உள்ளே கோளாறு இல்லை என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆணியையும் கம்பித் துளைகளையும் நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கிரீஸ் தடவி, நிப்பிளைச் சுத்தம் செய்து, புது ரப்பர் உறை மாட்டினோம். பெட்டியில் ஆயில் அளவும் பார்த்தார்கள்.

இப்போது கம்பி ஒரு கையால், வளையல் குலுங்காமல் விழுகிறது. நானே போட்டுப் பார்த்தேன்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக்கூடாதாம். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் பிடித்துக்கொள்வதால் உள்ளே முறுக்கு ஏறி, கம்பி வராது. அப்போது பலம் காட்டாமல், நேராக நாலடி பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டுவிடும்.

கை கிரீஸ் போக முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சீயக்காய் போட்டுக் கழுவுங்கள். தோல் எரியாது.

அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. களத்து மண்ணில் வண்டியை நிறுத்தி இரண்டு கம்பியையும் போட்டு எடுத்துப் பார்ப்போம். நிப்பிளில் கிரீஸ் அடிப்போம். அடிப்பது நான்.

உங்கள் வீட்டில் ஜீப் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இறுகின தாழ்ப்பாள், திறக்காத ஜன்னல், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட ஏதோ ஒன்று இருக்கும். இன்றைக்கு மத்தியானமே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். துணி மட்டும் அடைக்காதீர்கள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயசு. போன மாதம் மழையில் அதே மேட்டில் ஜீப் ஏறியபோது, என் மடியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "விடும்மா, அது விளையாட்டுச் சாமான் இல்லை" என்று கையை மெல்ல எடுத்துவிட்டேன்.