பதினேழு இஞ்ச் ஆசையும் டயரின் கணக்கும்

“வாங்குன கடனை அடைக்க வழியில்ல, இவனுக்கு அலாய் வீல் கேக்குது.”

இந்தப் பேச்சை எங்கள் பக்கத்தில் இரண்டு இடங்களில் கேட்கலாம். ஒன்று ஊர்த்தெரு டீக்கடை. இன்னொன்று நம் தோழர்களின் கூட்டம். டீக்கடைப் பேச்சு நமக்குப் பழகியது. தோழர்களின் பேச்சுதான் என்னை எழுத வைக்கிறது.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று அலைவது என் வேலை. வெடிவிபத்தில் ஆளை இழந்த வீடுகளுக்கு இழப்பீட்டு மனு எழுதுவது, படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது, இப்படி. அப்படிப் பழக்கமான ஒரு வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறார். தம்பி பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினார், சைலன்சரை மாற்றினார், பின் கண்ணாடியில் அண்ணல் படம் ஒட்டினார். அடுத்து பதினேழு இஞ்ச் வீல். “அக்கா, மதுரைக்குப் போறப்ப விலை மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா” என்றார்.

எம்.ஏ. வகுப்பில் வெப்லனைப் படித்திருக்கிறேன். பிறர் பார்க்கவேண்டும் என்றே செய்யும் செலவு பற்றி 1899-இல் எழுதியவர். ஆனால் அவர் எழுதியது உட்கார்ந்து சாப்பிட வசதியுள்ள வர்க்கத்தைப் பற்றி. பார்க்கவே கூடாது, பார்த்தால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் ‘என்னைப் பார்’ என்று செலவழிப்பதை அந்தக் கணக்கில் அப்படியே சேர்க்க முடியாது.

ஏனென்றால் நமக்குச் சக்கரம் வெறும் சக்கரமாக இருந்ததே இல்லை. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி செய்த முதல் போராட்டமே, தடுக்கப்பட்ட பொதுச் சாலையில் வில்லுவண்டி ஓட்டியதுதான். தென் மாவட்டங்களில் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2025 பிப்ரவரியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்து மேலப்பிடாவூரில் நடந்ததைப் பாருங்கள். தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம்.

ஆகவே ‘உனக்கு எதுக்குப்பா இது’ என்ற கேள்வியை நம் வாயால் கேட்கவேண்டாம். அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே நிறைய வாய்கள் இருக்கின்றன.

ஆனால் இதோடு நிறுத்தவும் எனக்கு மனமில்லை. 1929-இல் சாலிஸ்காவில் அம்பேத்கருக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மகாரை ஏற்றிக்கொண்டு ஓட்டமாட்டேன் என்று டோங்காக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்ட, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. மானத்தைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கல்லுக்கும் சக்கரத்துக்கும் மானம் தெரியாது. உரிமை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வண்டியின் சூட்சுமம்.

அதனால் விலை கேட்பதற்கு முன் நானும் தம்பியும் உட்கார்ந்து டயர் எண்களைப் படித்தோம். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவருடைய ஸ்விஃப்டில் கம்பெனி போட்டுக் கொடுத்தது 165/80 ஆர்14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ.

விதி இதுதான்: ரிம் பெரிதானால் பக்கச்சுவர் சிறிதாகவேண்டும், மொத்த விட்டம் மாறக்கூடாது. இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்வார்கள். 185/65 ஆர்15 போட்டால் 621.5. 195/55 ஆர்16 போட்டால் 621. 205/45 ஆர்17 போட்டால் 616. மூன்றும் உள்ளே வருகின்றன. ஆனால் கடையில் மலிவாக இருந்தது 215/50 ஆர்17. அது 647 மி.மீ., நாலு விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் போகும். தாழ்த்திய வண்டியில் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும்.

“அப்போ 205/45 போட்ருவோம்க்கா.”

அங்கேதான் அடுத்த எண் வருகிறது. அளவுக்குப் பின்னால் 85, 88 என்று இருப்பது ஒரு டயர் தாங்கும் சுமைக்கான குறி. 84 என்றால் 500 கிலோ, 85 என்றால் 515, 87 என்றால் 545, 88 என்றால் 560. பழைய 14 இஞ்ச் டயரில் 85. பதினைந்து இஞ்சில் 88, பதினாறில் 87 கிடைக்கிறது. 205/45 ஆர்17-இல் சாதாரண வகைக்கு 84. கம்பெனி கொடுத்த குறிக்குக் கீழே இறங்கக்கூடாது. வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்கு அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தம்பிக்கே தெரியும். பக்கச்சுவர் வேறு 132-லிருந்து 92 மி.மீ.க்கு இறங்கிவிடும். எங்கள் ரோட்டுப் பள்ளத்தில் அடி நேராக ரிம்முக்கு.

ரிம்மிலும் கணக்கு உண்டு. நான்கு போல்ட்டுகளும் அமரும் வட்டம் சரியாகப் பொருந்தவேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போடவேண்டும். ரிம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பார்க்க அழகு, பேரிங்குக்குச் சுமை.

இன்னொன்று போலீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. பெரிய வீட்டுப் பையனின் வண்டிக்கும் இதே சட்டம்தான். ஆனால் பின் கண்ணாடியில் அண்ணல் படம் உள்ள வண்டியை எத்தனை முறை நிறுத்துகிறார்கள் என்று தம்பியைக் கேளுங்கள். 185/65 ஆர்15, ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலில் கம்பெனியே போட்டுத் தரும் அளவு. நிறுத்துகிறவரிடம் வாயடைக்க ஒரு பதில் இருக்கும். தம்பி பதினைந்துக்கு வந்தார், அரைமனசோடு. சைலன்சர் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

பழைய டயர் வாங்கும்போது பக்கத்தில் ஒரு நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். எங்கள் வெயிலில் சீக்கிரமே.

இவ்வளவையும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது தம்பியின் அம்மா சொன்னார்: “என்னை ஏத்திட்டுப் போற வேனு டயரு மொட்டையாக் கெடக்கு. அதுல என்ன நம்பரு எழுதியிருக்குன்னு எவனாவது பாத்தானா?”

பட்டாசு ஆலைகளுக்குப் பெண்களை விடியற்காலையில் அடைத்துக்கொண்டு போகும் வேன்களை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மருந்து அறையின் பாதுகாப்பைப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆலைக்குப் போகும் வழியைப் பேசுவதில்லை. கார், வேன் டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது விதி. பள்ளத்தின் நடுவே சின்ன மேடு இருக்கும். அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் காலம் முடிந்தது. இதைப் பார்க்க எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம். குனிந்தால் போதும்.

மறுநாள் அதிகாலை தம்பி குனிந்தார். நான்கு டயரையும் செல்போனில் படமெடுத்தார், வார எண்ணோடு. படங்களை வைத்து மனு எழுதினோம், அந்த வேனில் போகும் பதினொரு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். முன் டயர் இரண்டும் மாறிவிட்டன. பின் டயர் இரண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டாவது மனுவைத் தம்பியே எழுதிக்கொண்டிருக்கிறார். டயரின் அளவையும் சுமைக் குறியையும் அவரே சேர்த்துவிட்டார், என்னிடம் கேட்கவில்லை.