மாமியின் அறையில் வெட்டிவேர்

மாமி படுக்கையில் விழுந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நலம் விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், அறைக்குள் நுழைந்ததும் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், உடனே கையை இறக்கிக்கொண்டார். ஒரு நொடிதான். மாமி அதைக் கண்டுவிட்டார்கள். அவர் சென்ற பிறகு என்னை அழைத்து, "இனி யார் வந்தாலும் நான் தூங்குறேன்னு சொல்லிடு மகளே" என்றார்கள்.

அன்று மாலையே கடையில் மல்லிகை மணம் தரும் ஸ்பிரே ஒன்றை வாங்கி வந்து அடித்தேன். அறையில் மல்லிகையும் இருந்தது, பழைய வாடையும் இருந்தது. ஆஸ்துமா உள்ள மாமிக்கு இருமல் வேறு தொடங்கிவிட்டது. இயற்கையான பொருளே நல்லது என்றெண்ணி மறுநாள் சாம்பிராணி போட்டேன். வியாழன் மாலைதோறும் எங்கள் வீட்டில் உள்ள வழக்கம்தான் அது. ஆனால் எதிலிருந்து எழுந்தாலும் புகை புகையே. இருமல் இன்னும் கூடியது. இயற்கை என்ற சொல்லை நம்பி நான் செய்த பிழை அது.

பிறகுதான் வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ரப்பர் விரிப்பின் ஓரமாகச் சிறுநீர் மெத்தையில் இறங்கியிருந்தது. மாமியைக் கூடத்துக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒற்றி எடுத்தேன். வெயிலில் நன்கு உலர்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் தட்டித் துடைத்தேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு உண்டு. பழைய சிறுநீரில் எழும் அம்மோனியாவும் மீன் வாடையும் காரத்தன்மை கொண்டவை. புளிப்பு அவற்றை அடக்கும். மீன் கழுவிய கையில் எலுமிச்சை தேய்க்கிறோமே, அதே காரணம். வியர்வையின் புளித்த நெடி, கெட்ட பாலின் நெடி ஆகியவை அமிலத்தால் வருபவை; அவற்றுக்குச் சோடா. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரைத்து, ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் மட்டும் வினிகரை ஊற்றவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும்.

சமையலறைக்கு, ஒரு சட்டித் தண்ணீரில் எலுமிச்சைத் தோல், ஒரு துண்டு பட்டை, நான்கைந்து கிராம்பு போட்டுச் சிறு தீயில் இருபது நிமிடம் கொதிக்க விடுகிறேன். மீன் பொரித்த நெடி தணிகிறது. அருகிலேயே நிற்க வேண்டும். ஒருமுறை தொழப் போய் மறந்துவிட்டேன். தீய்ந்த சட்டியின் வாடை இரண்டு நாள் போகவில்லை.

பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பதற்காக அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்நாட்களில் வேறொன்றும் தோன்றியது. அங்கே விலகியிருக்கச் சொல்லப்பட்டவர் எழுந்து நடக்கக்கூடியவர். மாமி எங்கே விலகுவார்கள்? வாடையை விலக்க வேண்டியவள் நான். நானோ அவர்கள் கண்முன்னே ஸ்பிரேயை அடித்திருக்கிறேன். அவர்கள் மீதே அடித்தது போலத்தான் அது இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. "அறைக்கு என்ன வைக்கலாம் மாமி?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, "வெட்டிவேர் வாங்கிட்டு வா" என்றார்கள்.

நாட்டு மருந்துக்கடையில் வாங்கி, மண் போக அலசிக் கொடுத்தேன். அசையும் வலக்கையால் மாமி வேர்களை அடுக்க, நான் நூலைச் சுற்றினேன். ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. சன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்ததும், காற்றில் மழை பெய்த மண்ணின் மணம் வந்தது. இருமல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஈரமாகவே விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வாரம் இருமுறை வெயிலில் காயவைக்கச் சொல்லி மாமியே நினைவூட்டுவார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று அதே உறவுக்காரப் பெண்மணி மீண்டும் வந்தார். வாசலில் நின்று என்ன சொல்வதென்று நான் தயங்கும்போதே, உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது: "யாரு வந்திருக்கா? உள்ள வரச் சொல்லு மகளே."