ஐந்து நிமிஷத்தில் செண்பகத்தோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நாசி ஒரு தரம் விரிகிறதல்லவா? அந்த இடத்துக்கு நான் குடும்ப சகிதமாகப் போன கதையைச் சொல்லப் போகிறேன். உண்மையில் அது நேரத்தில் போய்ச் சேராத கதை.

நான் ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு உபாத்தியாயர். ஆகையால் பிரயாணத்துக்கு முதல் நாள் இரவு ஒரு காகிதத்தில் அட்டவணை போட்டேன். காலை 6 மணிக்குப் புறப்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே? 6.30க்கு அங்கே இருப்போம். ஆண்டாள் தரிசனம் அரை மணி. அங்கிருந்து 7.30க்குச் செண்பகத்தோப்பு. பிறகு காட்டுப் பாதையில் மெல்ல ஏறினால் 10 மணிக்குக் காட்டழகர் சந்நிதி. என் தாயாருக்கு அறுபத்தெட்டு வயது. காட்டழகரைச் சேவிக்க வேண்டும் என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட்டால் அவருக்குச் சிரமம் இராது என்பது என் எண்ணம்.

என் மனைவி காகிதத்தைப் பார்த்தாள். "போன வருஷம் திருச்செந்தூருக்கு ஆறு மணிக்குப் புறப்பட்டோமே, எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டினோம்?" என்று கேட்டாள்.

"அன்றைக்குப் பையனுடைய செருப்பைக் காணவில்லை. அது விசேஷ காரணம்."

"அதற்கு முந்திய தடவை?"

"அன்றைக்கு மழை."

"அதற்கும் முந்தி?"

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பால் வரத் தாமதம். பூட்டு இருந்தது, சாவி இல்லை. வாசலைத் தாண்டும்போது மணி 6.50. ஒரு பஸ் எங்கள் கண்ணெதிரே போயிற்று. ஆண்டாள் சந்நிதியில் அம்மா பிரகாரம் முழுவதும் நிதானமாக வலம் வந்தார். பெற்ற தாயாரை அவசரப்படுத்த முடியுமா? அப்புறந்தான் ஒரு சங்கதி ஞாபகம் வந்தது: காலைச் சிற்றுண்டி என்பதே என் அட்டவணையில் இல்லை! சாப்பிட்டு வெளியே வந்ததும், "ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பால்கோவா வாங்காமல் போவதா? ஐந்து நிமிஷந்தானே!" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் கடந்து எங்கள் ஆட்டோ வனத்துறைச் சோதனைச் சாவடியில் நின்றபோது மணி 11.30.

காவலர் அம்மாவையும் குழந்தைகளையும் பார்த்தார். "இவங்களைக் கூட்டிக்கிட்டு இப்ப ஏறினா, இறங்கறப்போ இருட்டிடும், ஐயா. யானை நடமாட்டம் இருக்கு. காலையிலேயே வந்திருக்கலாமே?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

என் பெண்ணுக்கு வேறொரு ஏமாற்றம். இந்தக் காடு சாம்பல் நிற மலை அணிலின் சரணாலயம், 1988-இல் ஏற்பட்டது. 2021-இல் இது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. உடம்பைக் காட்டிலும் நீண்ட வாலை உடைய அந்த அணிலைத் தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே பார்க்கலாம். அது காலையிலும் மாலையிலும் மரத்துக்கு மரம் தாவும். உச்சி வேளையில் கிளையில் படுத்து ஓய்வெடுக்கும். நாங்கள் போனதோ உச்சி வேளை.

அம்மா மலையை நோக்கிக் கை கூப்பினார். "பரவாயில்லைடா. அழகர் எங்கே போய்விடப் போகிறார்? அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றார். என்னுடைய குணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

நல்ல நம்பிக்கை உள்ளவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்? சோம்பலாலும் அலட்சியத்தாலும் சிலர் தாமதிக்கலாம். எங்கள் இனம் அப்படியன்று. ஒவ்வொரு காரியமும் மிக நன்றாக நடந்த நாளில் எவ்வளவு நேரம் பிடித்ததோ, அதையே நாங்கள் கணக்கில் எழுதுகிறோம். பத்துக் காரியங்களும் ஒரே நாளில் அப்படி நடப்பது அபூர்வம். பஸ் அரை மணி தாமதமாகலாம். அரை மணி முன்னதாக நம்மைக் கொண்டு சேர்க்காது. ஆகவே எங்கள் கணக்கில் பிழை விழுந்தால் பெரும்பாலும் ஒரே பக்கமாக விழுகிறது. பழைய தாமதங்களையோ, செருப்பு, மழை என்று ஒவ்வொன்றாக விலக்கிவிடுகிறோம்.

இந்த மயக்கத்துக்கு 1979-இல் பெயரிட்டு எழுதியவர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள். கானமன் 2002-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அவரே ஒரு சமயம் இஸ்ரேலில் பள்ளிப் பாடப்புத்தகம் எழுதும் குழுவில் இருந்தார். இரண்டு வருஷத்தில், சற்று முன்பின்னாக, முடியும் என்று எல்லோரும் மதிப்பிட்டார்கள். பிறகு குழுவிலிருந்த நிபுணரிடம், இத்தகைய மற்றக் குழுக்களுக்கு எத்தனை காலம் ஆயிற்று என்று கானமன் கேட்டார். ஏழு முதல் பத்து வருஷம். அதிலும் நூற்றுக்கு நாற்பது குழுக்கள் முடிக்கவே இல்லை என்று பதில் வந்தது. அந்த நிபுணரும் இரண்டு வருஷக் கணக்கில் சேர்ந்தவர்தாம்! கேட்டுவிட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். புத்தகம் முடிய எட்டு வருஷம் ஆயிற்று.

நிபுணரிடம் கானமன் கேட்டதும், என் மனைவி என்னைக் கேட்டதும் ஒரே கேள்விதான். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் ஆசை பதில் சொல்லும். "போன தடவை எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்டால் அநுபவம் பதில் சொல்லும்.

அடுத்த வருஷம் அட்டவணையை என் மனைவி போட்டாள். சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டினாள். பால்கோவாவைத் திரும்பும் வழிக்குத் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு காரியத்துக்கும் போன தடவை ஆன நேரத்தையே எழுதினாள். அதன்படி இருட்டிலேயே கிளம்பி, அதிகாலையில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, சோதனைச் சாவடிக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சற்றுத் தூரம் நடந்ததும் என் பெண் என் கையைப் பிடித்து இழுத்து மேலே காட்டினாள். சாம்பல் நிற வால் ஒன்று கிளையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது அடுத்த மரத்துக்குத் தாவியபோது குழந்தைகள் மூச்சு விடவில்லை. காட்டழகரையும் சேவித்தோம்.

அம்மா வரவில்லை. இடையில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்நிதியில் கொடுத்த துளசியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கால் சரியாகட்டும், அடுத்த தடவை நானும் வருகிறேன்" என்றார்.

அழகர் எங்கும் போய்விடமாட்டார் என்பது மெய்தான். ஆனால் முழங்காலையும் வயதையும் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் செண்பகத்தோப்புக்கு யார்தாம் புறப்படுவார்கள்? எங்கே போவது என்பதை நம்பிக்கை தீர்மானிக்கட்டும்; எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை மட்டும், நேயர்களே, உங்கள் வீட்டிலே "போன தடவை எப்படி?" என்று கேட்கிறவரிடம் விட்டுவிடுங்கள்.