மூர் மார்க்கெட்டைத் திட்டிய பாட்டு

நாகேஷ் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்தபடி பாடும் பாட்டு ஒன்று உண்டு. 1967-ல் வந்த ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில். இயக்கம் கே. பாலசந்தர், எழுதியவர் கண்ணதாசன், இசை எம்.எஸ். விஸ்வநாதன், குரல் டி.எம். சௌந்தரராஜன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய ஒருவன் கண்ணுக்குச் சென்னை எப்படித் தெரிகிறது என்பதுதான் அதன் விஷயம். என் வயதுக்காரர்கள் அந்தப் பாட்டை வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறார்கள். கூடவே ஒரு வரி வரும்: ‘அந்த மெட்ராஸ் எங்கே போச்சு?’ நாகேஷுக்குப் பின்னால் தெரியும் தெருக்களைப் பார்த்து வருகிற பெருமூச்சு அது. இவர்கள் பாட்டைப் பார்க்கிறார்களே தவிர, காது கொடுத்துக் கேட்பதில்லை என்று எனக்குத் தோன்றும்.

கேட்டால் விஷயம் வேறு. பாட்டு முழுக்கப் புகார். இந்த ஊரில் ஒருத்தரும் நிதானமாக நடப்பதில்லையாம். தமிழை ஒழுங்காகப் பேச ஆள் இல்லையாம். ஆண் யார், பெண் யார் என்று உடையை வைத்துச் சொல்ல முடியவில்லையாம். நெருக்கி நெருக்கி வீடு கட்டியிருக்கிறார்கள், இருந்தும் சனங்கள் தெருவில் படுக்கிறார்கள், நிற்க நிழல் இல்லை என்கிறான் அந்தக் கிராமத்தான். நேற்று மாலை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் நாலு கிழவர்கள் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஒன்றிரண்டு சேர்த்துக்கொண்டோம், அவ்வளவே: செல்போன், ஸ்விகி பையன்கள், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம். மற்றதெல்லாம் 1967-லேயே பாடி முடித்தாகிவிட்டது.

அந்தப் பாட்டில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஊர் கெட்டுப்போனதற்கு அத்தாட்சியாக அது காட்டுவது மூர் மார்க்கெட்டை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1900-ல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி, பொம்மை என்று கிடைக்காத பொருள் இல்லை. ஏமாற்றுவதற்கும் பேர்போன இடம். விலை பேசத் தெரியாதவன் உள்ளே போனால் சட்டையைக் கழற்றி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டில் எச்சரித்தே பணம் கொடுப்பார்கள். 1985 மே மாதம் அது தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. எரிந்த நாளிலிருந்து அது நம் பொக்கிஷம் ஆகிவிட்டது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய புத்தகத்தைப் பற்றி எழுதாத என் தலைமுறை எழுத்தாளர் உண்டா? இருந்தபோது ஊரின் சீரழிவு, போன பிறகு ஊரின் ஆன்மா. இடையில் ஓடியது பதினெட்டே வருஷம்.

அந்தப் பாட்டு கேலி செய்யும் வைக்கோல் கன்றுக்குட்டியையும் சொல்லியாக வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்ன என்றே தெரியாது. திருவல்லிக்கேணியில் எங்கள் வாசலுக்கே மாட்டை ஓட்டி வந்து பால் கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலக்கிறார்களா என்று பார்க்க அம்மா செம்போடு அருகில் நிற்பாள். கன்று செத்துப்போன மாடு பால் சுரக்காது. அதனால் கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பால்காரர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். மாட்டின் முன்னால் அதை வைத்தால், பாவம், அது நக்கிக்கொண்டே சுரக்கும். கலப்படமில்லாத அந்தக் காலத்துப் பால் என்று உருகுகிறவர்கள் இந்தத் தோல் பொம்மையை மட்டும் லேசாக மறந்துவிடுகிறார்கள்.

நாகேஷ் பாட்டைப் போல ஊரைப் பிடித்துவைத்த காட்சிகள் அதற்கு முந்தைய படங்களில் அபூர்வம். காரணம் எளிது. கேமரா கனம்; பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும்; வசனத்தை நடிக்கும்போதே பதிவு செய்ய வேண்டும், நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் டேக் போச்சு. ஆகவே கோடம்பாக்கத்தில் ஏவி.எம்., வாகினி என்று மதில் எழுப்பி, உள்ளேயே தெரு போட்டார்கள், கோயில் கட்டினார்கள், மழையும் பெய்வித்தார்கள். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954-ல் வந்தது. பாட்டே இல்லாத படம். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ஆம் ஆண்டுக் கதை. நம் ஊர்க் கதைதான், ஆனாலும் படம் பெரும்பாலும் அரங்கத்துக்குள்ளேயே நடக்கும். டிராம் 1953-ல் நின்றுபோனது. டிராம் ஓடிய சென்னையைத் தமிழ்ப் படத்தில் தேடுகிறவர்கள் அலுத்துப்போவார்கள்.

1964-ல் ஸ்ரீதர் ‘காதலிக்க நேரமில்லை’யை வண்ணத்தில் எடுத்தார். ஆழியாறு அணைப் பக்கத்து விருந்தினர் மாளிகை அந்தப் படத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்தது. எங்களுக்கு அதைவிடப் பெரிய சமாசாரம் முத்துராமனும் காஞ்சனாவும் மெரினாவில் பாடும் பாட்டு. தினம் சாயங்காலம் சும்மா பார்க்கிற கடலை, காசு கொடுத்து வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்த்தோம். திரையில் நம்ம பீச் வந்ததும் தரை டிக்கெட்டில் விசில். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வராத பெருமை படத்தில் பார்த்தால் வருவது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எல்.ஐ.சி. கட்டடமும் அப்படித்தான் நட்சத்திரமானது. 1959-ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம், 177 அடி. கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று சொல்ல இயக்குநருக்கு இரண்டு ஷாட் போதும்: சென்ட்ரல் மணிக்கூண்டு, அப்புறம் கீழிருந்து மேலே பார்க்கும் எல்.ஐ.சி. என் பெரியப்பாவுக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டாலே ஆகாது. மவுண்ட் ரோட்டின் லட்சணத்தையே கெடுத்துவிட்டார்கள் என்பார். இன்று அதைவிட உயரமான கட்டடங்கள் சுற்றிலும் எழுந்தபின், அதைப் பாரம்பரியச் சின்னம் போலப் படம் பிடிக்கிறார்கள். பெரியப்பா இருந்திருந்தால் இந்த மாற்றத்துக்கும் ஏதாவது குறை சொல்லியிருப்பார்.

அழகான ஷாட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று தீர்ப்புச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. 1971-ல் எம்.ஜி.ஆர். ‘ரிக்‌ஷாக்காரன்’ ஆனார். சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே அவர் சிலம்பம் சுற்றும் சண்டைக்குக் கொட்டகையே அதிர்ந்தது. அந்தப் படத்துக்காகத்தான் அவருக்கு நாட்டின் சிறந்த நடிகர் விருது. அந்தப் படம் ஓடியபோது நிஜச் சென்னையில் மனிதனை மனிதன் கையால் இழுக்கும் ரிக்‌ஷாவும் ஓடிக்கொண்டிருந்தது. 1973-ல்தான் தமிழக அரசு அதை ஒழித்தது. என் வகுப்பில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் பள்ளிக்கூடம் வந்தார்கள். உச்சிவெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு இழுத்தவரிடம் போய் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

1979-ல் துரை எடுத்த ‘பசி’ அந்த வேறு பதில். குப்பை பொறுக்கும் பெண்ணாக ஷோபா. தேசிய விருது வாங்கினார். அடுத்த ஆண்டே போய்விட்டார். மெரினா, எல்.ஐ.சி. என்று காட்டிய படங்களின் ஓரத்தில் தள்ளி நின்றவர்கள் இதில் நடுவுக்கு வந்தார்கள். பழைய சென்னை என்று ஏங்கிப் பகிரப்படும் காட்சிகளில் ‘பசி’யை நான் பார்த்ததே இல்லை. அதுவும் பழைய சென்னைதானே?

சினிமாவை ஊருக்குச் சாட்சியாகக் கூப்பிடுவதிலும் சங்கடம் உண்டு. ‘நாயகன்’ படத்தின் தாராவி பெருமளவும் நம் வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட். நம் ஊர் பம்பாயாக நடித்தது. ‘16 வயதினிலே’ பார்த்துவிட்டு அசல் தமிழ்க் கிராமம் என்று நாம் கண்ணீர் விட்ட இடமோ கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கம். மண்வாசனையைக்கூட வெளியூரில் வாங்கி வரலாம் போலிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வது பழைய படம் பார்க்க வேண்டாம் என்பதற்காக அல்ல. நான் நிறையப் பார்க்கிறேன், பேரப்பிள்ளைகளை இழுத்துவைத்துக்கொண்டு பார்க்கிறேன். நடுவில் நிறுத்தி, ‘இது எந்த இடம் சொல்லு’ என்று கேட்பேன். கல்லூரியில் படிக்கிற பேத்தி கூகுள் மேப்பைத் திறந்து தேடுவாள். ஜெமினி மேம்பாலம் 1973-ல் வந்தது. ஆகவே அது தெரியும் காட்சி அதற்குப் பிந்தியது என்று இப்போது அவளே கணக்குப் போடுகிறாள். ‘சந்திரலேகா’ எடுத்த ஜெமினி ஸ்டூடியோ போயே போய்விட்டது. அரசாங்கம் பாலத்துக்கு அண்ணா பெயரை வைத்தும், கண்டக்டர் வாயில் ஜெமினிதான் இன்றும் நிலைத்திருக்கிறது என்று சொன்னபோது அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. இந்த மாதிரித் தகவல் அவளுக்குப் பிடிக்கிறது. ‘உங்க ஊரெல்லாம் ஒரு ஊரா, எங்க காலத்துல…’ என்று நான் ஆரம்பித்தால் மட்டும் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மெட்ரோவில் ஏறி, தோழிகளோடு பெசன்ட் நகர் போய், பஜ்ஜி தின்று வளர்கிற அவளுக்கு இதுதான் ஊர். இன்று எடுக்கிற படங்களில் ஓரமாகத் தெரியும் மெட்ரோ தூணைப் பார்த்து அவளும் ஒருநாள் பெருமூச்சு விடுவாள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். கோபிச்செட்டிபாளையத்து வாய்க்கால், மதுரைத் தெரு, ஊட்டி ரயில் நிலையம், ஏதோ ஒன்று. அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த முனையில் எந்தக் கடை இருந்தது, அதில் யார் உட்கார்ந்திருந்தார், எந்த வருஷம் இடித்தார்கள் என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் எழுதியும் வையுங்கள். அவர்கள் குடியிருக்கும் ஊரை மட்டும் தயவுசெய்து அவர்கள் முன்னால் திட்டாதீர்கள்.