மூன்றாந் தடவை

கோப்பாயில் ஒரு பிள்ளையைப் பற்றி அயலவர் விசாரிக்கும்போது, "பிள்ளை இப்ப என்ன செய்யுது?" என்றுதான் கேட்பர். "சோதினை இன்னும் எத்தனை தரம் எடுக்கப் போகுது?" என்பதே அதன் உட்பொருள். உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் கிழமையில் இக்கேள்வி பருத்தித்துறை வீதி நெடுகக் கேட்கும். ஆசிரியராகிய எமது வீட்டுப் படலையையும் வந்து தட்டும்.

இம்முறை வந்தவள் கீழ் வகுப்புகளில் எம்மிடம் தமிழ் படித்த மாணவி. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிந்து, கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களை இரு தடவை எழுதி, இரு தடவையும் சித்தியடைந்தவள். ஆயினும் முதற்றடவை முகாமைத்துவ பீடத்தில் இடங் கிடைக்கவில்லை. இரண்டாந் தடவைப் புள்ளியும் சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. பல்கலைக்கழக அனுமதிக்கென மூன்று தடவைகளே எழுதலாம். எஞ்சியிருப்பது ஒன்று. தந்தையாரும் கூட வந்திருந்தார். வெங்காயத் தறையிலிருந்து நேரே வந்தவர். காலிற் செம்மண் காயவில்லை.

"மாஸ்ரர், இன்னுமொருக்கா எடுக்கச் சொல்லட்டோ, விடச் சொல்லட்டோ? நீங்கள் சொல்லுறதுதான்" என்றார் அவர். அவள் பெறுபேற்றுத் தாளை எம்முன் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுது, பிள்ளை" என்ற சொல் எமது நுனிநாவுக்கு வந்துவிட்டது. நாமும் இரண்டாந் தடவையிலேயே பல்கலைக்கழகம் புகுந்தவர். தாம் கரையேறிய துறையையே எல்லார்க்கும் காட்டுவது மனித இயல்பு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவனுக்கு இதே சொல்லைச் சொன்னோம். அவன் மூன்றாந் தடவையும் எழுதினான், இடங் கிடைக்கவில்லை. இன்றும் வீதியில் எம்மைக் கண்டால் சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்பிவிடுகிறான். அவன் முகம் நினைவுக்கு வரவே, சொல் நாவிலேயே நின்றது.

எம்மவர் பரீட்சையை இத்துணை பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். 1945 இல் வந்த இலவசக் கல்வி, கமக்காரன் பிள்ளைக்கும் அந்தப் பாதையைத் திறந்தது. பின்னர் 1971 இல், பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டுமென வகுத்தார்கள். அந்தக் காயத்தின் பின், மீண்டும் எழுதுவது வெறும் படிப்பாக இராமல் மானப் பிரச்சினையும் ஆயிற்று. அம்மானம் போற்றத்தக்கதே. ஆனால் அதன் விலையை ஒவ்வொரு வீடும் தனித்தனியே செலுத்துகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்றைய முறை வேறு. 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி, ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதை அளப்பதன்று. அதே பாடத்தை எழுதிய ஏனையோரின் சராசரியிலிருந்து அவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்பதையே அளக்கிறது. எல்லாரும் முன்னேறினால் முன்னேறியவளும் நின்ற இடத்திலேயே நிற்பாள். வர்த்தகப் பிரிவின் இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கிளிநொச்சிப் பிள்ளைக்கு அந்த ஐந்திற் கிடைக்கும் பங்கை நாம் பொறாமையோடு நோக்கவில்லை. நோக வேண்டியது மொத்த இடங்களின் குறைவை. நாடு முழுவதிலும் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகம் கதவு திறக்கிறது. மற்ற மூவரையும் 'தோற்றவர்' என்று ஊர் சொல்வது பொய்.

ஆகவே பதிலுக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்டோம். எந்தப் பாடம் உன்னைக் கீழே இழுத்தது? அடுத்த முறை எதனை வேறுவிதமாகச் செய்வாய்? இன்னோர் ஆண்டின் செலவை யார் சுமப்பார்?

தாளைப் பார்த்தோம். கணக்கீடும் வணிகக்கல்வியும் 'சி' தரத்திலிருந்து 'பி' தரத்துக்கு ஏறியிருந்தன. பொருளியல் மட்டும் இரு தடவையும் 'எஸ்' தரத்திலேயே நின்றது. "அதே ரியூட்டரி, அதே குறிப்புத்தான் சேர். கேள்வி வளையி, நிரம்பல் வளையி எல்லாம் பாடமாக்கினனான், விளங்கேல்லை" என்றாள். அப்போது தந்தையார் தலையிட்டார். "நாங்கள் வெங்காயம் எடுக்கிற நேரம் பார்த்து வெளிநாட்டு வெங்காயம் கப்பலில வந்தால் விலை விழுந்துபோம். அதுதானே பிள்ளை உதில கிடக்கு?" அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இரண்டு ஆண்டுகள் மனனஞ் செய்த வளையி தன் வீட்டு முற்றத்திற் கிடந்ததை அன்றுதான் கண்டாள்.

மூன்றாங் கேள்விக்கு இருவரும் உடனே விடை சொல்லவில்லை. பின்னரே, ரியூட்டரிக் காசுக்காகத் தாயின் காப்பு அடகிலிருப்பதும், அடுத்த ஆண்டு சாதாரணதரம் எழுதும் தங்கைக்கு வகுப்புக் காசு இல்லாதிருப்பதும் தெரியவந்தன. காலமும் ஒரு செலவே. 2021 ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியிலும் நடந்ததை இவ்வூர்ப் பிள்ளைகள் அறிவர். ஓராண்டு என்று எண்ணித் தொடங்குவது சிலவேளை அதனிலும் நீண்டுவிடுகிறது.

யாழ்ப்பாணத்து உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் கணக்கியல் டிப்ளோமாவைப் பற்றியும், பட்டயக் கணக்காளர் பரீட்சைகளைப் பற்றியும் சொன்னோம். "அது கம்பஸ் கிடையாத பிள்ளையளின்ர படிப்பெல்லே?" என்றார் தந்தையார். எமக்கு வெட்கமாயிருந்தது. வகுப்பறையில் அந்தப் பாதைகளைக் கடைசி வரியில், குரலைத் தாழ்த்திச் சொல்லி வந்தவர் நாமே. அந்தத் தாழ்ந்த குரல்தான் அவர் வாயிலே திரும்பி ஒலித்தது.

இறுதியில் முடிவை அவளே எடுத்தாள். மூன்றாந் தடவை எழுதுவாள். ஆனால் ரியூட்டரிக்குப் பொருளியலுக்கு மாத்திரமே போவாள். மிஞ்சுங் காசு தங்கைக்கு. டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிப்பாள், அந்த இடம் முதலில் வந்தால் ஏற்றுக்கொள்வாள். "அப்ப இது கடைசி" என்றார் தந்தையார். "ஓம் அப்பா, கடைசி" என்றாள் அவள். அவள் முடிவு சரியோ பிழையோ நாம் அறியோம். அது அவளுடையது, கணக்குப் பார்த்து எடுத்தது.

கணக்குப் பார்க்காமல் அறிவுரை சொல்வது ஆசிரியர்க்கு எளிது. அதன் கடனை அடைப்பது வேறொரு வீடு. பெறுபேறு வெளிவரும் கிழமையில், ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மேசை போடப்பட வேண்டும். சித்தி பெற்றோரின் படங்களைப் பதாகையில் அச்சிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அந்த மேசையில் ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து இக்கேள்விகளைக் கேட்க வேண்டும். எல்லாக் கதவுகளையும் ஒரே குரலிற் சொல்ல வேண்டும்.

அந்த மாணவன் மறுமுறை ஒழுங்கைக்குள் திரும்புமுன், நாம் முதலிற் சைக்கிளை விட்டு இறங்கி அவனோடு பேசவிருக்கிறோம்.